இரண்டாவது யானைக்கு முன்

கதிரேசா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி வைத்த பிறகு நான் ரொம்ப நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. பிரஷர் மாத்திரை போடுகிற நேரம் தாண்டிப் போயிற்று. "அடுத்த மாசம் மறுபடியும் போறேன்பா, பீட்டர்கிட்ட சொல்லியாச்சு" என்றாய். எதுக்குய்யா என்று கேட்டேன். "ஒண்ணு பத்தலப்பா" என்றாய். அதை நீ சொன்ன குரலில் கோபம்கூட இல்லை. தாகத்துக்கு இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்கிறவன் மாதிரி சொன்னாய். எனக்கு அறுபத்தாறு வயதாகிறது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. எதையும் யாரோடும் வாதாடி ஜெயிக்கிற தெம்பு என்னிடம் இல்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் சட்டென்று நிறுத்திக்கொள்வேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். எஸ்டேட் லயத்து வீடுகளில் பாதிப் பேருக்குப் பென்ஷன் அபேட்சையும் ரேஷன் கார்டு மனுவும் எழுதிக் கொடுத்த கை இது. இந்த ஒரு கடிதத்தை எழுத அதற்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

போன வருஷம் நீ டிக்கெட் எடுத்து என்னை ஜோகன்னஸ்பர்க் வரச் சொன்னபோது, பேரப்பிள்ளை விஷயமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். தேவிகுளத்தில் பக்கத்து வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டும் வந்தேன். வந்த மறுநாள் நீ லேப்டாப்பைத் திறந்து வைத்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாய். பக்கத்து நாடு, ஜிம்பாப்வே. அங்கே லைசென்ஸ் வாங்கி யானை சுடலாம் என்றாய். "எல்லாம் சட்டப்படிதாம்பா. கூட வேட்டைக்காரர் வருவாரு, கவர்மெண்டு ஆள் ஒருத்தர் வருவாரு. தந்தமும் தோலும் நமக்குக் கிடையாது, கறி அந்த ஊர்க்காரங்களுக்கு. எனக்கு எதுவும் வேண்டாம். அது விழணும். விழும்போது நீங்க என் பக்கத்துல நிக்கணும்." உன் அம்மாவின் பெயரை நீ சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. உனக்குப் பதினாலு வயதில் பேச்சியம்மாளை யானை மிதித்துக் கொன்றது. அந்த யானையை உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. நம் ஊரில் யானையைத் தொட்டால் ஜெயில். அதனால் நீ இன்னொரு கண்டத்தில் போய் இன்னொரு யானையைத் தேடியிருக்கிறாய். அன்றைக்கே, அந்த மேசையிலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "சரிய்யா" என்றேன்.

சின்ன விமானத்தில் போய் இறங்கி, ஜீப்பில் நாலு மணி நேரம். முப்பது வருஷம் எஸ்டேட் ஜீப் ஓட்டியவனுக்கு அந்த ரோடு ஒரு ரோடாகவே தெரியவில்லை. ஏற்றமும் இல்லை, வளைவும் இல்லை, மஞ்சள் புல்லும் குட்டை மரமுமாகப் போய்க்கொண்டே இருந்தது. கேம்ப்பில் நமக்கு ஆளுக்கொரு கூடாரம். கூட வந்த வேட்டைக்காரர் பீட்டர் நல்ல மனுஷன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் சிவந்த முகம், அதிகம் பேசாத ஆள். முதல் நாள் மத்தியானம் அட்டையில் வட்டம் போட்டு, அதை நீ சுட்டுப் பழக வேண்டும் என்றார். வாடகைத் துப்பாக்கி, உன் தோளில் இடித்த இடம் கன்றிப்போய்விட்டது. பிறகு மண்ணில் குச்சியால் ஒரு யானைத் தலையை வரைந்து, கண்ணுக்கும் காதுத் துளைக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்து, இங்கே அடித்தால் அதற்குத் தெரியாமலேயே போய்விடும் என்றார். நீ அந்தப் படத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். சின்ன வயதில் பரீட்சைக்கு முந்தின நாள் ஜாமெட்ரி படத்தை அப்படித்தான் பார்ப்பாய்.

தடம் பார்க்கிற டூபேயை நினைவிருக்கிறதா? எனக்கும் அவனுக்கும் பொதுவான பாஷை ஒன்றும் கிடையாது. இரண்டாம் நாள் காலையில் பாதையில் யானை போட்ட பிண்டம் கிடந்தது. அவன் குனிந்து புறங்கையை வைத்துச் சூடு பார்த்தான். நானும் என்னை அறியாமல் குனிந்து கையை வைத்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டான். அதிகாலைத் தேயிலைக் கொழுந்து வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும்போது நான் தினமும் செய்தது அது. சூடாக இருந்தால் வண்டியைத் திருப்ப வேண்டும். அவன் சூட்டைத் தேடிப் போகிறவன், நான் சூட்டைக் கண்டு திரும்புகிறவன். இரண்டு நாள் அந்த வெயிலில் நடந்தோம். என் கால் வீங்கியதைப் பார்த்து பீட்டர் என்னை ஜீப்பிலேயே இருக்கச் சொன்னார். "அவர் வராம நான் சுட மாட்டேன்" என்று நீ சொல்லிவிட்டாய்.

நாலாம் நாள் காலை பத்து மணி இருக்கும். டூபே கையிலிருந்த சாம்பல் பையைத் தட்டிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான். பிறகு விரலை நீட்டினான். வயதான ஒற்றை ஆண். ஒரு மரத்தடியில் தும்பிக்கையைத் தரையில் ஊன்றி நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தது. காது மட்டும் மெதுவாக அசைந்தது. பீட்டர் மூன்று கால் கம்பை விரித்து நட்டார், நீ துப்பாக்கியை அதன் மேல் வைத்தாய். சுடச் சொல்லி அவர் உன் தோளைத் தொட்டார். நீ சுடவில்லை. துப்பாக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தாய்.

கதிரேசா, இதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ என்னைப் பார்த்தபோது உன் முகத்தில் இருந்தது வெறி இல்லை. வேண்டாம் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று கேட்கிற முகம் அது. உன்னைப் பெற்று வளர்த்தவனுக்கு அது தெரியாதா? தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன். சுடு என்று ஆட்டினேன். ஏனென்றால் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று நீ கேட்பாய்.

உன் முதல் குண்டு அந்தப் புள்ளியில் படவில்லை. யானை பின்னங்கால் மடிந்து உட்கார்ந்தது, முடிந்தது என்று நினைத்தேன், எழுந்துவிட்டது. பீட்டர் சுட்டார். அது மரங்களை முறித்துக்கொண்டு ஓடியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்னாலேயே நடந்தோம். இலையில் இருந்த ரத்தத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டே டூபே முன்னால் போனான். கடைசியில் அது ஒரு மரத்தில் சாய்ந்து, போக முடியாமல் நின்றது. "நீதான் முடிக்க வேண்டும்" என்று பீட்டர் சொன்னார். இரண்டு தடவை சுட்டாய். அது விழுந்த சத்தம் என் உள்ளங்காலில் ஏறியது. பீட்டர் உனக்குக் கை கொடுத்தார். நீ தள்ளிப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தாய். நான் தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வந்தபோது வாயைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவுக்குப் போதுமாப்பா?" என்று கேட்டாய். "போதும்யா" என்றேன்.

பிறகு ஊர்க்காரர்கள் வந்தார்கள். பெண்கள் பாத்திரத்தோடும் கத்தியோடும் வந்தார்கள், சந்தோஷமாக வந்தார்கள். அவர்களுக்கு அது பல நாள் சாப்பாடு, சோளக்காட்டை மிதிக்கிற ஒரு தொல்லை போயிற்று. அதை நான் குறை சொல்ல மாட்டேன், யானையோடு குடியிருக்கிறவனுக்கு யானையின் அருமை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒரு பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். பீட்டர் அதை இங்கிலீஷில் சொல்ல, நீ எனக்குத் தமிழில் சொன்னாய்: அவள் புருஷன் காவலுக்குப் படுத்திருந்தபோது யானை கொன்றுவிட்டதாம். நம் கதையும் அதுதான் என்று நீ அவளிடம் சொல்லச் சொன்னாய். அவள் அழுதாள், நீயும் அழுதாய். நான் கையை உருவிக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டேன். கால் வலி என்று சொன்னேன். அவள் கதை நிஜம். நம் கதை நிஜமில்லை.

உனக்குத் தெரிந்தது இது: அம்மாவும் நானும் உன் மாமா கல்யாணத்துக்குத் தென்காசி போக முதல் பஸ்ஸைப் பிடிக்க பைக்கில் போனோம். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற மஸ்டர் ஆபீஸுக்குக் கீழே வளைவில் மஞ்சு மூடி ரோடே தெரியவில்லை. திரும்பினதும் யானை நின்றது, கண்ணிமைக்கிற நேரத்தில் பாய்ந்துவிட்டது. யானை வந்தால் ஆட்களை எச்சரிக்க வேண்டிய வாச்சர் செல்லையா அந்தப் பக்கம் யானை இருப்பதை யாருக்கும் சொல்லவில்லை. இதைத்தான் ஃபாரஸ்ட்காரர்களிடம் சொன்னேன், போலீஸில் சொன்னேன், உன்னிடம் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்தது மாதிரி ஆகிவிட்டது.

நடந்தது வேறு. அன்றைக்கு மஞ்சு இல்லை. நல்ல வெளிச்சம். யானை ரோட்டோரம் நின்று புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டித் தட்டித் தின்றுகொண்டிருந்தது. செல்லையா நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்று எங்களை மறித்தான். "அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க. அது அரை மணிக்கூறா அங்கனதான் நிக்கி. தின்னுட்டுத் தானா எறங்கிரும்" என்றான். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. உன் அம்மா பின்னாலிருந்து, "அவருதான் சொல்லுதாருல்லா, நிப்பமே" என்றாள். எனக்கு அப்போது யானைக்குப் பயப்படாத டிரைவர் என்று பெயர். லயத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், கேட்கக் கேட்க நன்றாக இருக்கும். ஒரு வாச்சர் என்னை நிறுத்துவதா என்று இருந்தது. "நான் பாக்காத யானையாடே? நீ தள்ளு" என்று சொல்லி, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வண்டியை முறுக்கி அதன் பக்கத்தில் விட்டேன்.

அது பாயக்கூட இல்லை, முதலில் திரும்பத்தான் திரும்பியது. நான்தான் பதறி பிரேக் போட்டேன். ஈர ரோட்டில் வண்டி சறுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். வண்டி அவள் கால் மேல் கிடந்தது. "ஏங்க" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். நான் ஓடினேன், கதிரேசா. தேயிலைச் செடிக்குள் புகுந்து மேலே ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. செல்லையாதான் தகரத்தை அடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, யானையைப் பார்த்து ஓடி வந்தான். நான் நின்று பார்த்தபோது யானை கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. உன் அம்மா அசையவில்லை.

லயத்து ஆட்கள் ஓடி வருவதற்கு முன்னால் நானும் செல்லையாவும் மட்டும் கொஞ்ச நேரம் அங்கே நின்றோம். நான் அவன் காலைப் பிடித்தேன். அவன் எதுவும் கேட்காமல், "பைய எந்திரிங்க. உங்களுக்கு ஒரு பிள்ள இருக்கான்" என்றான். ஆட்களிடம் நான் மஞ்சு என்று சொன்னதும் அவனும் மஞ்சு என்று சொன்னான். ஆனால் வாச்சர் என்ன செய்துகொண்டிருந்தான் என்று அவர்கள் கேட்டபோது, யானை நிற்பதை அவன் சொல்லவில்லை என்று நான் சொல்லுவேன் என அவன் எதிர்பார்க்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அடக்கம் முடிந்து வரும் வழியில் நீ போய் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாய். "நீ எதுக்கு வாச்சரு, எங்கம்மாகிட்ட நில்லுன்னு சொல்ல வேண்டியதுதான?" என்று கத்தினாய். அவன் கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டான். உன்னைப் பிடித்து இழுத்தவன் நான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. லயத்தில் யாரும் முகம் கொடுக்காமல், ஒரு வருஷத்துக்குள் அவன் வேலையை விட்டுவிட்டு ஆனைக்கரைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை நான் ஆனைக்கரைக்குப் போனேன். பூப்பாறை, நெடுங்கண்டம் என்று இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஜீப். செல்லையா தலை முழுக்க நரைத்துப் போய், மகள் வீட்டு வாசலில் ஏலக்காய்ச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னான், மகள் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். ஆப்பிரிக்காவைச் சொன்னேன், நீ மறுபடியும் போவதைச் சொன்னேன். தையலை நிறுத்திவிட்டுக் கேட்டான். "எல்லாத்தையும் அவனுக்கு எழுதப் போறேன் செல்லையா. நீ என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"மன்னிக்கதுக்கெல்லாம் எனக்குத் தெரியல அண்ணாச்சி" என்றான். "உங்க மேல கோவமா இருந்தேன். ரொம்ப வருஷம் இருந்தேன். பெறவு என் பொண்ணு கல்யாணம், பேரன், வேல, அப்படியே போயிட்டு. இப்ப வந்து மன்னிச்சேன்னு சொன்னா அது பொய்யா இருக்கும். பொய் நாம ரெண்டு பேரும் போதுமான அளவு சொல்லியாச்சு."

அப்புறம் சாக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அந்தப் பையன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க. நான் நில்லுங்கன்னு சொன்னேன். ரெண்டு கையையும் விரிச்சி நின்னு சொன்னேன். அது மட்டும் அவனுக்குத் தெரியணும்."

அதைச் சொல்லிவிட்டேன். அவனுக்காகச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். எனக்காக நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. இதை எழுதினால் நீ சுட்டது வீண் என்று ஆகிவிடுமே, அந்தப் பாரத்தையும் உன் தலையில் ஏற்றுகிறோமே என்று இரண்டு நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன். மருமகள் கவிதா நேற்று போனில் என்னிடம் தனியாகப் பேசினாள். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, யாராவது தோளில் கை வைத்தால் துள்ளி விழுகிறாய், செத்த யானையோடு எடுத்த போட்டோவைச் சுவரிலிருந்து நீயே கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டாய் என்றாள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. பாரம் ஏற்கெனவே உன் மேல்தான் இருக்கிறது, என்னவென்று தெரியாமல் சுமக்கிறாய். அது என்னுடையது. இறக்கி வை. அந்த வயதான யானையைக் கொன்றதில் உனக்கும் பங்கு இருக்கிறது, இல்லையென்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் நீ திரும்பிப் பார்த்தாய். அந்த இடத்தில் நின்று, சுடுவதற்கு முன்னால், ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். நான் ஹாரனை அழுத்தும் முன் அப்படிப் பார்த்திருந்தால் உன் அம்மா இன்றைக்கு உயிரோடு இருப்பாள்.

புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் என்கிற பழக்கம் விடவில்லை. உனக்குப் பிள்ளை பிறந்தால் அதன் முன்னால் பயப்படு. பயந்தேன் என்று வாய்விட்டுச் சொல். நான் வீரன் என்று உன்னை நம்ப வைத்தேன், அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் ஒரு நல்ல மனுஷன் பேரைக் கெடுத்தேன், உன்னைத் துப்பாக்கி தூக்க வைத்தேன். ஓடினவன் என்று உனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் நீ என்னைக் கொஞ்ச நாள் வெறுத்திருப்பாய். அதோடு போயிருக்கும்.

இதைப் படித்த கையோடு எனக்குப் போன் பண்ணாதே. முதலில் பீட்டருக்குப் பண்ணி, வரவில்லை என்று சொல். காரணம் கேட்டால் வீட்டில் விஷயம் என்று சொல், அது பொய்யில்லை. அப்புறம் முடிந்தால் செல்லையாவுக்குப் பேசு, நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். என்னோடு பேசுவது எப்போது வேண்டுமானாலும் ஆகட்டும். கோபம் அடங்கவில்லை என்றால், எதையாவது அடித்தே தீர வேண்டும் என்று இருந்தால், அதற்கு ஆப்பிரிக்காக் காட்டுக்குப் போகாதே, இங்கே வா. நான் வீட்டில்தான் இருப்பேன். இந்தத் தடவை ஓட மாட்டேன்.

அப்பா